யானைக்குப் பதினோரு கிராம்

வளர்ந்த ஆண் யானை ஒன்றின் எடை நான்கு டன்னை எட்டும். அப்படிப்பட்ட விலங்கை ஒரே குண்டில் வீழ்த்த எவ்வளவு பெரிய துப்பாக்கி வேண்டும்? வரலாற்றில் இதற்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாதவை.

முதல் விடை இலங்கையிலிருந்து. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் யானை வேட்டைக்குத் தூக்கிப் போன ரைபிளின் எடை சுமார் 9.5 கிலோ. அது உமிழ்ந்தது நூறு கிராமை ஒட்டிய ஈயக் குண்டு. இரண்டாவது விடை ஆப்பிரிக்காவிலிருந்து. டபிள்யூ. டி. எம். பெல் (1880–1954) என்ற ஸ்காட்லாந்துக்காரர் தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் சுட்டது .275 ரிக்பி என்ற மெல்லிய ரைபிளால். அதன் குண்டு ஏழு மில்லிமீட்டர் பருமன், எடை 11 கிராம் சொச்சம்.

ஆயிரம் யானைகள் என்ற கணக்கைப் படிக்கும்போது நெஞ்சு பதைக்கிறது. தந்தத்துக்காக நடந்த கொலைகள் அவை. அந்த மனிதரை வியக்க இந்தக் கட்டுரையை எழுதவில்லை. ஆனால் அந்தப் பதினோரு கிராம் ஒரு நல்ல அறிவியல் புதிர். பேக்கரின் குண்டு ஏறத்தாழ பத்து மடங்கு கனம். யானை அதே யானைதான். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் என்ன மாறியது?

விடையைத் தேட நாம் ஆப்பிரிக்கா போக வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து நேர் கிழக்கே, ஏரியும் கடலும் சந்திக்கும் இடத்தில், பழவேற்காடு இருக்கிறது. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகளைப் பார்க்கப் போகிறவர்களில் பலருக்கும் தெரியாத செய்தி, 17-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் ஒரு வெடிமருந்து ஆலை ஓடியது என்பது. அங்கே அரைத்த மருந்து டச்சுக் கம்பெனியின் கீழைக் கடல் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் போனது.

அது கருமருந்து. வெடியுப்பு முக்கால் பங்கு, மிச்சத்தில் கரியும் கந்தகமும். இந்தக் கலவைக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. எரிந்தபின் அதில் பாதிக்கும் குறைவான எடைதான் வாயுவாக மாறும். மீதி புகையாகவும் கசடாகவும் போய்விடும். குண்டைத் தள்ளுவது வாயு மட்டுமே. கசடு குழலை அடைப்பதோடு சரி. ஆகவே கருமருந்தை எவ்வளவு திணித்தாலும் குண்டின் வேகம் ஓர் எல்லையைத் தாண்டுவதில்லை. கனமான யானைத் துப்பாக்கிகளில் அது நொடிக்கு 400 மீட்டரை ஒட்டியே நின்றது.

வேகத்தைக் கூட்ட வழியில்லை என்றால் எடையைத்தான் கூட்ட வேண்டும். குண்டோ ஈய உருண்டை. உருண்டையின் எடையைக் கூட்டினால் பருமனும் கூடவே ஏறும், குழலின் துளையும் அகலமாகும். அன்று துளையை அளந்த முறையே இதைக் காட்டிவிடுகிறது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அதில் ஓர் உருண்டை நுழையும் குழல் ‘12 போர்’. நான்கே உருண்டைகளாக வார்த்தால் ‘4 போர்’. எண் குறையக் குறைய குழல் பெருக்கும். 4 போர் குண்டின் எடை 113 கிராம், விட்டம் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். மைசூர் சமஸ்தானத்தில், கூட்டமாக வளைத்து அடைக்கும் கெத்தா முறையில் யானைகளைப் பிடித்த ஜி. பி. சாண்டர்சன் 1870களில் நம் எல்லையோரக் காடுகளில் வைத்திருந்தவை இந்த 4 போர், 8 போர் துப்பாக்கிகள்தான். பெரிய துளையை யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பலவீனமான மருந்து அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது.

இந்த வேகத்தையெல்லாம் எப்படி அளந்தார்கள்? கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் குண்டின் வேகத்தை, நொடியின் பகுதிகளைக் காட்டும் கருவி எதுவும் இல்லாத காலத்தில் கணக்கிட்டவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-ல் அவர் வெளியிட்ட முறை எளிமையானது. கனமான மரப்பலகையை ஊசலாகத் தொங்கவிட்டு அதன்மீது சுட வேண்டும். குண்டு பலகைக்குள் புதைந்து நின்றுவிடும். பலகை மெல்லப் பின்னால் ஆடும். குண்டு கொண்டுவந்த உந்தம், அதாவது எடையும் வேகமும் சேர்ந்த அளவு, எங்கும் தொலைவதில்லை. பலகையின் ஆட்டத்தில் அப்படியே இருக்கிறது. பலகையின் எடையும் அது எவ்வளவு தூரம் ஆடியது என்பதும் தெரிந்தால் குண்டின் வேகத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடித்துவிடலாம். இந்தக் குண்டு ஊசலைத் துப்பாக்கியிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் நிறுத்திச் சுட்டுப் பார்த்தபோது, காற்று குண்டைத் தடுக்கும் விசை அதுவரை யாரும் நினைத்திராத அளவு பெரிது என்றும், ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அந்தத் தடை சட்டென்று ஏறுகிறது என்றும் அவர் கண்டார். கணித மேதை ஆய்லர் அந்த நூலை 1745-ல் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார்.

ராபின்சுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அதிகம் பேசப்படாதது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750 ஜூலையில் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஜூலையில் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். எறிபொருள் அறிவியலை அளவைகளின்மீது நிறுத்திய மனிதரின் வாழ்க்கை முடிந்தது தமிழ் மண்ணில். நம் பள்ளி இயற்பியல் புத்தகங்களில் உந்தம் பற்றிய பாடத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அவருடைய ஊசலைக் கொண்டே வேட்டைக் கதைகளில் வரும் ஒரு பெரிய தவறான எண்ணத்தைச் சோதிக்கலாம். கனமான குண்டு விலங்கை ‘அடித்துச் சாய்க்கும்’ என்பார்கள். யானையையே ஊசல் பலகையாக வைத்துக்கொள்வோம். 113 கிராம் குண்டு நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் நான்கு டன் யானைக்குள் புதைந்து நின்றால், யானையின் உடல் நகரும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான். காலை எடுத்துவைக்கும் யானைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு பக்கமும் யோசியுங்கள். குண்டுக்குக் கிடைத்த அதே உந்தம், கூடவே வெளியேறும் வாயுவின் உந்தமும் சேர்ந்து, துப்பாக்கியின் வழியாகச் சுட்டவரின் தோளில் இறங்குகிறது. குண்டின் தள்ளுவிசைக்கு யானையைச் சாய்க்கும் வலிமை இருந்தால், சுட்டவர் அதற்கு முன்பே பறந்து போயிருப்பார்.

அப்படியானால் விலங்கு விழுவது எதனால்? மூளையோ தண்டுவடமோ அறுபட்டால் அந்தக் கணமே விழும். இதயமோ நுரையீரலோ கிழிந்தால் இரத்த அழுத்தம் இறங்கி மூளைக்குப் பிராணவாயு தீர்ந்தபின் விழும். அதற்குச் சில நொடிகள் ஆகும், இதயம் முழுக்கச் சிதைந்திருந்தாலும்கூட. அந்த நொடிகளுக்குள் புலி ஐம்பது மீட்டரைக் கடந்து வந்துவிடும். வேறு எங்கே பட்டாலும் காயம்தான். ஆகவே குண்டிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘நீ எவ்வளவு பலமாக மோதுவாய்’ என்பதைவிட ‘உயிர்நிலை வரை போய்ச் சேர்வாயா’ என்பதுதான்.

போய்ச் சேர்வதற்கான திறவுகோல் 1880களில் கிடைத்தது. 1884-ல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். 1889-ல் பிரிட்டனில் கார்டைட் வந்தது. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் வாசலினோடு பிசைந்து கயிறு கயிறாகப் பிழிந்தெடுத்த மருந்து அது. எரிந்தால் கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாகிவிடும். 1903-ல் இதற்கென்றே ஒரு தொழிற்சாலையை ஆங்கில அரசு நிறுவிய இடம் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காடு. நீலகிரி மலை ரயிலில் போகிறவர்கள் இன்றும் அந்த ஆலை வளாகத்தைப் பார்க்கலாம். பழவேற்காட்டுக் கருமருந்திலிருந்து அருவங்காட்டுக் கார்டைட் வரையிலான தூரம்தான் பேக்கருக்கும் பெல்லுக்கும் இடையே உள்ள தூரம்.

புதிய மருந்து குண்டின் வேகத்தை நொடிக்கு 650, 700 மீட்டர் என்று ஏற்றியது. ஆனால் வெறும் ஈயம் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. குழலுக்குள் சுருளாகச் செதுக்கிய காடிகள்தான் குண்டைச் சுழலவிட்டு நேராகப் பறக்கச் செய்கின்றன. மென்மையான ஈயம் அந்தக் காடிகளில் வழுக்கி உரிந்தது. அதனால் ஈயத்தைச் செம்பு, நிக்கல் போன்ற உலோக உறைக்குள் அடைத்தார்கள். உறை போட்ட குண்டு இன்னொரு வரத்தையும் கொண்டுவந்தது. எலும்பில் மோதினாலும் எளிதில் நசுங்காது. வேகம் கிடைத்தபின் பருமனான உருண்டை தேவைப்படவில்லை. மெலிந்த, நீண்ட குண்டு பிறந்தது.

மெலிவும் நீளமும் ஏன் முக்கியம்? கும்மிடிப்பூண்டியின் உருட்டாலைகளில் கட்டடக் கம்பி உருவாவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரும்பில் ஒரே எடையுள்ள இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றை உருண்டையாக வார்ப்போம், இன்னொன்றைக் கம்பியாகவே விட்டுவைப்போம். இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து ஈரமண்ணில் விழவிட்டால் உருண்டை ஒரு குழியைப் போட்டு உட்கார்ந்துவிடும். நேராக விழுந்த கம்பி ஆழமாக இறங்கிவிடும். எடை ஒன்று, வேகம் ஒன்று, ஆற்றலும் ஒன்று. கம்பி விலக்க வேண்டிய மண் குறைவு, அவ்வளவுதான்.

இதை அளக்கும் எண்ணுக்குக் குறுக்குவெட்டுச் செறிவு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். குண்டின் முகப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் பின்னால் எத்தனை கிராம் எடை நின்று தள்ளுகிறது என்பதே அது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. சாண்டர்சன் காலத்து 4 போர் உருண்டைக்கு அது சுமார் 20 கிராம். பெல்லின் மெல்லிய ஏழு மில்லிமீட்டர் குண்டுக்கு 27. யானைக்கென்றே செய்த .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெரிய இரட்டைக்குழல் ரைபிளின் குண்டு 32 கிராம் எடையுள்ளது, அதற்கு 28. அதாவது பெல்லின் சிறிய குண்டும் அந்தப் பெரிய குண்டும் ஊடுருவும் திறனில் ஏறத்தாழ ஒரே தட்டில் நிற்கின்றன. வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆற்றலில் மட்டும் பெரியது இரண்டரை மடங்கு அதிகம். அந்த மிகுதி ஆற்றல் ஆழத்துக்குப் போகவில்லை; அகலமான துளையைப் போடுவதில் செலவாகிறது.

இதே தத்துவத்தை இன்று மிகத் தீவிரமாகப் பயன்படுத்தும் இடமும் கும்மிடிப்பூண்டி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கியின் பீரங்கித் துளை 120 மில்லிமீட்டர். எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைக்க அது ஏவும் எறிபொருளோ, துளையைவிடப் பல மடங்கு மெலிந்த, நீண்ட உலோக அம்பு. குழலை நிரப்பும் உறை வெளியே வந்தவுடன் கழன்று விழுந்துவிட, அம்பு மட்டும் பறக்கிறது. அதற்கு வேண்டிய டங்ஸ்டன் கலவை உலோகத்தைத் தயாரிக்கத் திருச்சியில் தனி ஆலையே இருக்கிறது. ஈயத்தைவிட மிக அடர்ந்த உலோகம் அது. மெலிந்த அம்புக்குள் எவ்வளவு எடையைத் திணிக்க முடியுமோ அவ்வளவையும் திணிப்பதே நோக்கம்.

மறுபடி பெல்லிடம் வருவோம். நல்ல குண்டு மட்டும் அவருக்குப் போதவில்லை. யானையின் தலை பார்வைக்குப் பாறை, உள்ளே தேன்கூடு. நெற்றி எலும்பு முழுக்கக் காற்றறைகள். ஐந்து கிலோ எடையுள்ள மூளை அந்தப் பெரிய தலையின் பின்பகுதியில், காதுகளுக்கு இடைப்பட்ட மட்டத்தில், தாழ்வாக ஒதுங்கியிருக்கிறது. நெற்றியின் நடுவே சுட்டால் எவ்வளவு பெரிய குண்டும் காற்றறைகளைக் கிழித்துக்கொண்டு மூளைக்கு மேலாகவே போய்விடக்கூடும். பெல் யானைத் தலைகளை ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எந்தக் கோணத்தில் அதை அடையலாம் என்று படித்தார். அவருடைய வெற்றியில் பெரும்பங்கு அந்த ரம்பத்துக்குத்தான் என்பது என் கணிப்பு. பேக்கர் காலத்து வேட்டைக்காரர்கள் துளையைப் பெருக்கிச் சரிக்கட்டப் பார்த்த அறியாமையை அவர் உடற்கூற்று அறிவால் நிரப்பினார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பெல்லைப் பார்த்து எல்லாரும் சிறிய ரைபிளோடு யானைமீது போயிருந்தால் ஏராளமான யானைகள் காயத்தோடு காட்டில் சீழ்பிடித்துச் செத்திருக்கும், மனிதர்களும் மிதிபட்டிருப்பார்கள். திறந்த வெளியில், அசையாமல் நிற்கும் யானைமீது, நிதானமாகக் குறிவைத்தவர் அவர். புதருக்குள்ளிருந்து பாய்ந்து வரும் விலங்கிடம் கோணம் பார்க்க நேரமில்லை. குறி இரண்டு அங்குலம் தவறினால் ஏழு மில்லிமீட்டர் துளை எதையும் தீர்மானிக்காது. அகலமான காயமும் பெரிய எலும்பை முறிக்கும் திறனும் அங்கே பயன்படும். அதனால்தான் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் சட்டம் யானை, எருமைக்கு .375 அங்குலத் துளையைக் குறைந்தபட்ச அளவாக விதிக்கிறது.

குண்டின் முனையும் ஒரு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. உறை முழுவதும் மூடிய குண்டு நசுங்காமல் ஆழம் போகும், யானைக்கு அது. முனையில் ஈயம் தெரியும்படி விட்ட குண்டு சதைக்குள் நுழைந்ததும் காளானாக விரிந்து, அகலக் கிழித்து, உடலுக்குள்ளேயே நின்றுவிடும். மானுக்கும் பன்றிக்கும் புலிக்கும் அது. இத்தகைய குண்டுகளைக் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலை 1890களில் படைக்காகத் தயாரித்தது. 1899-ல் ஹேக் மாநாடு அவற்றைப் போரில் தடைசெய்தது. வேட்டையில் விலங்கை விரைவில் சாகவைக்கும் குண்டு என்று விரிகுண்டே இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது.

சதைக்குள் நடப்பதை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்கலாம். பத்து சதவீத ஜெலட்டினை நான்கு டிகிரி செல்சியஸ் குளிரில் உறையவைத்தால் அது தசைக்கு ஏறத்தாழ ஒத்த தடையைத் தரும். 1980களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர், விலங்குத் தசையில் கிடைத்த ஆழத்தோடு ஒப்பிட்டு இந்த அளவை உறுதிப்படுத்தினார். ஒளி ஊடுருவும் அந்தக் கட்டிக்குள் குண்டு போகும்போது ஒரு பெரிய குழிவு நொடியின் சிறு பகுதிக்கு விரிந்து மறுபடி சுருங்குவதைப் படமெடுத்தார்கள். இழுபடும் தன்மையுள்ள தசை அந்தத் தற்காலிகக் குழிவைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நிலையாக நொறுங்கிப்போகும் வழித்தடம்தான் உயிரை எடுக்கிறது. ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்துத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது ஏன் தவறு என்பதற்கு ஃபேக்லரின் கட்டிகள் கண்முன் சாட்சி.

மனிதத் தோளும் இந்தக் கணக்கில் ஓர் உறுப்பு. 4 போர் துப்பாக்கி 9.5 கிலோ கனமாக இருந்தும் அதன் பின்னுதைப்பின் ஆற்றல் பெல்லின் லேசான ரைபிளைவிடச் சுமார் பத்து மடங்கு. உதை வரப்போகிறது என்று உடலுக்குத் தெரிந்தால் விசையை இழுக்கும் கணத்தில் கண் தானாக மூடும், தோள் சுருங்கும், குறி விலகும். ஜிம் கார்பெட்டின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்ததும் ஒரு .275 ரிக்பிதான். 1930 ஏப்ரலில் சௌகர் ஆட்கொல்லிப் புலி எதிரே படுத்திருந்தபோது அவருடைய இடது கையில் பறவை முட்டைகள் இருந்தன. வலது கையால் மட்டும் ரைபிளை மெல்லச் சுழற்றிச் சுட்டார். கனமான துப்பாக்கியில் அது நடக்கிற காரியமில்லை.

நம் பக்கத்துக் காடுகளை எழுத்தில் வடித்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) நடுவழியில் போனார். தளி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் அவர் தோளில் தொங்கியது .405 வின்செஸ்டர். பத்து மில்லிமீட்டர் பருமன், 19 கிராம் குண்டு. அதன் குறுக்குவெட்டுச் செறிவு 23 கிராம்தான். யானையின் தலையைத் துளைப்பதற்கு அவ்வளவு உகந்ததல்ல. ஆனால் புலி, சிறுத்தையின் மெல்லிய உடலில் நெருக்கத்திலிருந்து அகலமான காயத்தைத் தரும். அடுத்த தோட்டாவை நெம்புகோலால் விரைவாக ஏற்றவும் முடியும். ஆட்கொல்லிகளைத் தேடிப் போனவருக்கு அது சரியான தேர்வு என்றே சொல்வேன்.

துளை அளவை அறிவியல் மட்டும் தீர்மானித்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிளர்ச்சிக்காரர்கள் பழைய மார்ட்டினி ஹென்றி படைத் துப்பாக்கிகளுக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்று அஞ்சி, .450 துளை ரைபிள்களும் தோட்டாக்களும் இந்தியாவுக்குள் வருவதை ஆங்கில அரசு தடுத்தது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் இந்தியச் சந்தையை இழக்காமல் இருக்க .465, .470, .475 என்று துளையைச் சற்றே மாற்றிப் புதிய ரைபிள்களைக் கொண்டுவந்தன. மேலே நான் ஒப்பிட்ட .470 பிறந்ததற்கு யானையைவிட இந்தத் தடை உத்தரவே பெரிய காரணம். படைத் துளையான .303 இன்றும் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது. உரிமம் உள்ளவர்களுக்கு நம் அரசு ஆலைகள் விற்கும் ரைபிள் .315.

யானைகளைப் பாதுகாக்கச் சென்னை மாகாணம் 1873-லேயே சட்டம் போட்டது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேட்டைக்கே முற்றுப்புள்ளி வைத்தன. ஆனால் இந்தக் கணக்குக்கு இன்றும் வேலை இருக்கிறது, தலைகீழாக. 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் அரிக்கொம்பன் யானையை மயக்க ஊசி செலுத்திப் பிடித்தார்கள். ஊசித் துப்பாக்கியைப் பயன்படுத்தும் கால்நடை மருத்துவருக்கு வேகம்தான் எதிரி. ஊசி தடித்த தோலைத் தாண்டித் தசைக்குள் மருந்தை விட வேண்டும். அதற்குமேல் ஒரு சென்டிமீட்டர்கூடப் போகக் கூடாது. அழுத்தம் கூடினால் எலும்பில் இடிக்கும், குறைந்தால் தோலிலிருந்து தெறித்துவிடும். தொலைவைக் கண்ணால் மட்டிட்டு வாயு அழுத்தத்தைத் திருத்தும் அந்த வேலை, பெல் செய்ததைவிடக் கடினமானது, மேலானது.

2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். இதில் எந்தத் துளை ரைபிள் என்ற கேள்விக்கு இருக்கும் முக்கியத்துவத்தைவிட, சுடுபவருக்கு எவ்வளவு பயிற்சி, பன்றியின் இதயம் எங்கே இருக்கிறது என்று தெரியுமா, விரிகுண்டா என்ற கேள்விகளுக்கு முக்கியத்துவம் அதிகம். துறை அவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மிக மோசமான தேர்வு ஒன்று நம் மலையோர ஊர்களில் இன்னமும் புழங்குகிறது. நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்தைக் கிட்டித்து பால்ரஸ் குண்டுகளைப் போட்டுச் சுடுகிறார்கள். எட்டு மில்லிமீட்டர் பால்ரஸ் உருண்டை ஒன்றின் எடை இரண்டு கிராம். குறுக்குவெட்டுச் செறிவு வெறும் 4. பெல்லின் குண்டில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வேகமும் குறைவு. பெரிய விலங்கின் உயிர்நிலைக்கு அது போய்ச் சேராது. தோலுக்கடியிலும் தாடையிலும் தங்கிவிடும். கார்பெட் கொன்ற சம்பாவத் புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களைத் தின்னத் தொடங்கியது என்று அவர் எழுதினார். 436 பேரின் சாவுக்குக் காரணமான விலங்கு அது.

பழத்துக்குள் மருந்தைப் பொதிந்து பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும் இதே வகைதான். கோவைப் பக்கத்தில் அதைக் கடித்த யானைகள் வாய் சிதைந்து, தின்ன முடியாமல், பல நாள் பட்டினியில் செத்திருக்கின்றன. உங்கள் ஊரில் யாராவது நாட்டுத் துப்பாக்கியோ அவுட்டுக்காயோ வைத்திருப்பது தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பயிர் அழிந்தால் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள், பன்றித் தொல்லை தாங்கவில்லை என்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் செய்யுங்கள்.